தலைப்பைத் தொட்ட பிழை

மன்றத்து அன்பர்கள் மலருக்குக் கவிதை கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. செய்த பிழையொன்றை எழுதித் தருகிறேன், பொறுத்தருள்க.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு மூத்த மாணவி ஒருவர் உண்டு. ‘தீதி’ என்று அழைப்பேன். கிணற்று நீரைச் சோதித்து எண், ஊர், தேதி, அளவு என மூன்று மாதமாக எக்செல் தாளில் எழுதி வைத்திருந்தார். அதைத் தேதி வரிசையில் அடுக்கித் தரச் சொன்னார். நான் தேதிப் பத்தியை மட்டும் தெரிவு செய்து அடுக்கினேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா என்று அது கேட்கத்தான் கேட்டது. அவசரக்காரன் நான், வேண்டாமென்று அழுத்தி, சேமித்து, மூடியும் விட்டேன். தேதிகள் மட்டும் இடம் மாறின. மற்றவை நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு கிணற்று நீருக்கு இன்னொரு கிணற்றின் தேதி! அவருடைய குறிப்பேட்டை வைத்து நான்கு இரவுகள் திருத்தினோம். ஊரிலிருந்து ரயிலேறி வந்து அப்போது ஆறு மாதமே ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டால் அலுவலகக் கடிதம் போலிருந்தது. இந்தியில் கேட்க எனக்குச் சொல் போதவில்லை.

ஆகவே அக்சஸில் ஒரு படிவம் செய்து தருவதாக நானே ஏற்றேன். அங்கே ஒரு வரி ஒரே பதிவு. நகர்ந்தால் முழுதாக நகரும். பத்தித் தலைப்பில் மவுஸால் கிளிக் செய்தால் அப்பத்தியின்படி அடுக்க வேண்டும் என்பதே தீதியின் நிபந்தனை. எளிதென்று எண்ணினேன். டேட்டாஷீட் தோற்றத்தில் தலைப்பைத் தொட்டால் பத்தி தெரிவாகிறதே தவிர நாம் எழுதிய ஆணை ஓடுவதில்லை. தொடர் படிவமாக மாற்றி, லேபிளுக்கு ஆணை எழுதப் போனால், அதன் பண்புப் பட்டியலில் கிளிக் நிகழ்ச்சியே இல்லை! இரண்டு நாள் அலைந்த பின் விளங்கிற்று: பெட்டியோடு பிணைந்த லேபிளுக்குத் தனிக் காது கிடையாது, அதைத் தொடுவதும் பெட்டியைத் தொடுவதும் ஒன்றே. வெட்டியெடுத்துப் படிவத்தின் தலைப்பகுதியில் தனியே ஒட்டினேன், காது முளைத்தது. ஆர்டர்பை என்பதில் பத்தியின் பெயரைக் கொடுத்து, ஆர்டர்பைஆன் என்பதை ட்ரூ ஆக்கினால் போதும். ஏற்கெனவே அப்படி அடுக்கியிருந்தால் பெயரின் பின் டிஇஎஸ்சி சேர்க்க வேண்டும்; இறங்குவரிசை கிடைக்கும். மாதிரி எண்ணை எழுத்தாக வைத்திருந்ததால் 2-க்கு முன் 10 வந்து நின்றது வேறு கதை. எண் வகையாக்கியதும் அடங்கிற்று.

தீதி இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் தலைப்பைத் தொடுமுன் முதல் வரியின் எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்கிறார்; அடுக்கிய பின் அந்த வரியைத் தேடி ஒப்பிட்டுப் பார்க்கிறார். தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. துண்டுத்தாளை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.