இரண்டு மானிட்டர், மூன்று பேர்

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, "அக்கா, உங்க வீட்டில் இரண்டே மானிட்டர்தானே, மூன்று பேருக்கு எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் கேட்டார்கள். கையில் கப்பை வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற காரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வெஸ்ட் ஈலிங்கில் எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு. முன்னறையில் ஒரே மேசை. அதன்மேல் 27 அங்குல மானிட்டர் ஒன்று, 24 அங்குலம் ஒன்று. என் கணவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து ஆபீஸ் லேப்டாப்பில் வேலை செய்கிறார். எங்களோடு தங்கிப் படிக்கும் கொழுந்தன் தன் கம்ப்யூட்டரில் ஆய்வேடு எழுதுகிறார். 11 வயது மகனுக்கு பிளேஸ்டேஷன் 5. நைட் டியூட்டி முடித்துக் காலையில் வந்து நான் படுத்தால், "கேபிளை யார் பிடுங்கினது?" என்ற சத்தம்தான் எனக்குத் தாலாட்டு.

ஒருநாள் கொழுந்தன், "மதினி, நான் வேற ரூம் பார்த்துக்கிடுதேன்" என்றார். லண்டன் வாடகை தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். பகுதிநேர வேலையில் அவருக்குக் கிடைப்பது முழுவதும் அதற்கே போய்விடும். அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று ஊரில் மாமியாரிடம் யார் சொல்வது? மூன்றாவது மானிட்டர் வாங்கலாம் என்றால் வைக்க இடம் இல்லை.

என் கணவர் முதலில் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒன்றை ஆர்டர் செய்யப் பார்த்தார். ஸ்ப்ளிட்டர் ஒரு கருவியின் படத்தை இரண்டு திரையில் காட்டும், அவ்வளவுதான். எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. பல கருவிகள் ஒரு திரைக்கு வரவேண்டும். அதன் பெயர் ஸ்விட்ச். வார்டில் டிரிப் லைனில் வைக்கும் த்ரீ வே மாதிரி, எதைத் திறக்கிறோமோ அது மட்டும் உள்ளே போகும்.

ஆனால் அந்த ஸ்விட்ச் மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எங்கள் பெரிய மானிட்டரில் எச்டிஎம்ஐ இரண்டு, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று. பிளேஸ்டேஷன் ஒரு எச்டிஎம்ஐயில், லேப்டாப் டாக் இன்னொன்றில், கம்ப்யூட்டர் டிஸ்ப்ளேபோர்ட்டில். சின்ன மானிட்டரில் டாக்கும் கம்ப்யூட்டரும். இப்போது யாரும் எதையும் பிடுங்குவதில்லை, இன்புட் பட்டனை அழுத்தினால் போதும். இன்புட்டைத் தானாகத் தேடும் வசதியை மட்டும் அணைத்துவிட்டோம். இல்லாவிட்டால் லேப்டாப் ஒரு நிமிஷம் தூங்கினால் திரை கேமுக்குத் தாவிவிடும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஒரு சின்ன யூஎஸ்பி ஸ்விட்ச் வாங்கினோம்.

பிளேஸ்டேஷனில் எச்டிஎம்ஐ மட்டும்தான் உண்டு. ஒரு முனை டிஸ்ப்ளேபோர்ட், மறுமுனை எச்டிஎம்ஐ என்று மலிவாக விற்கும் கேபிள் கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்குத்தான் படம் கொண்டுபோகும். பிளேஸ்டேஷனை டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்ட அது உதவாது. "120 ஹெர்ட்ஸ்" என்று சொல்லி விலை உயர்ந்த கேபிளும் வாங்க வேண்டாம். பெட்டியோடு வரும் கேபிளே எச்டிஎம்ஐ 2.1 வகை, 4கே படத்தையே 120 ஹெர்ட்ஸில் தாங்கும். எங்கள் மானிட்டர் 1440பி. பிளேஸ்டேஷன் 5க்கு அந்த அளவு 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஒரே டிவி. நானும் அண்ணனும் மரியோ விளையாட மஞ்சள் வயரையும் வெள்ளை வயரையும் சொருகினால், ஆச்சி சீரியல் நேரத்துக்கு வந்து பிடுங்கிப் போடுவாள். அங்கே சண்டையே கிடையாது, ஆச்சி ஜெயித்துவிடுவாள்!

முதல் வாரத்தில் ஒரு கலவரம். பெரிய திரையில் பிளேஸ்டேஷன் ஓடிக்கொண்டிருக்க, கொழுந்தன் சின்னத் திரையில் ஆய்வேட்டைத் திறந்தார். ஃபைலைக் காணோம். மூன்று மாத உழைப்பு, முகம் வெளுத்துவிட்டது. நடந்தது இதுதான்: பெரிய மானிட்டர் இன்னும் தன்னுடையது என்று கம்ப்யூட்டர் நினைத்து, ஃபைலை அங்கே திறந்திருக்கிறது. விண்டோஸ் பட்டனையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்தியதும் ஃபைல் இந்தப் பக்கம் குதித்து வந்தது. விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி ஒரே திரையை வைத்துக்கொண்டாலும் இந்தத் தொல்லை இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு லைனுக்கும் லேபிள் ஒட்டுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எல்லா கேபிளுக்கும் இரண்டு முனையிலும் ஒட்டினேன். எக்ஸ்டென்ஷனுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் சொருகக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, சூடேறித் தீப்பிடிக்கும். சத்தத்துக்கு, கன்ட்ரோலரிலேயே ஹெட்போன் சொருகும் துளை இருக்கிறது. நான் தூங்கும் பகலில் மகன் அதில்தான் கேட்க வேண்டும்.

கொழுந்தன் ரூம் தேடுவதை நிறுத்திவிட்டார். ஆய்வேடு கொடுக்கும்வரை சாயங்காலம் 7 மணிக்கு மேல் பெரிய திரை அவருக்கு. மகன் ஒத்துக்கொண்டான். சனிக்கிழமை மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.