மாடியில் விழுந்த விரிசல்

ஆரணியில் எங்கள் தறி வீட்டு மாடி மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் குத்துக்கல்லாகச் செங்கல், சுண்ணாம்புத் தளம். போன வருஷம் அதன் மேல் பதித்திருந்த தட்டோட்டைப் பெயர்த்து, சிமெண்டில் இடைவெளியே விடாமல் டைல்ஸ் ஒட்டினோம். இந்தச் சித்திரை மத்தியானம் 'டப்'பென்று ஒரு சத்தம். நாலு டைல்ஸ் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கிறது. விரிசல் கட்டையோடு நேர்கோட்டில் ஓடுகிறது.

லண்டனில் தம்பி வீட்டிலும் மரத்தளத்தின் மேல்தான் டைல்ஸ். குளிருக்காக டைல்ஸுக்கு அடியில் சூடேற்றும் மின்கம்பி. ஆனால் நடுவே ஒரு பிரிப்பு விரிப்பு, வளைந்துகொடுக்கும் பசை, சுவரோரம் இடைவெளி. மரம் அசையும், டைல்ஸ் சூட்டில் விரியும். ஒன்றை ஒன்று இழுக்கக் கூடாது. பாவு அதிகம் விறைத்தால் இழை அறும் என்று தெரிந்த எங்களுக்கு இது தோன்றவில்லையே!

மறுபடி தட்டோடுதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இருந்தால் சொல்லுங்கள்.