ஆட்டோமேட்டிக் கார் எடுக்கும் முன்: ஒரு கியர்பாக்ஸ் பாடம்



நான் கார் எடுக்கப் போகிற செய்தி தெரிந்ததிலிருந்து, "என்ன கார் சார்?" என்று தினமும் நாலு பேராவது கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் தேவை. என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மாதம் இரண்டு முறை நத்தத்திலிருந்து மதுரைக்கு மருத்துவமனை போக வேண்டும். வண்டி ஒரு வெட்டு வெட்டி இழுத்தால்கூட அவருக்கு அன்று இரவு தூக்கம் போச்சு. என் இடது முழங்காலும் தேய்ந்துவிட்டதால் கிளட்ச் மிதிக்க முடியாது. டிக்கியில் வாக்கர் வைக்க இடம் வேண்டும். ஆக, ஆட்டோமேட்டிக் செடான் என்பது முடிவாகிவிட்டது.

ஆனால் ராத்திரி திரும்பும்போது வழியில் வண்டி நின்றுவிட்டால் அவரை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? எங்களுக்கு மென்மையும் வேண்டும், நம்பிக்கையும் வேண்டும். ஓய்வில் வந்த பணத்தில் பெரும்பகுதி இதில் போகிறது. இன்னொரு முறை வாங்கிப் பார்க்க முடியாது. அதனால் இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன், ஓட்டியும் பார்த்தேன்.

இந்த வகை கார்களில் ஆட்டோமேட்டிக் என்று சொல்வது பெரும்பாலும் மூன்று விதம்.

முதலாவது டார்க் கன்வெர்டர். இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைப் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். என்ஜினும் சக்கரமும் நேராக உரசிக்கொள்ளாததால் நிறுத்தி நகரும்போது குலுங்காது. எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரிலேயே வந்துவிட்டது. நன்றாகப் பழகிப்போன முறை. எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

இரண்டாவது சிவிடி. நம் நத்தத்தில் தையல் மிஷின் தெரியாதவர் யார்? கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், நடுவில் பெல்ட். அந்த இரண்டு சக்கரமும் ஓடும்போதே பெரிதாகவும் சிறிதாகவும் மாறினால் எப்படி இருக்கும்? அதுதான் சிவிடி. கியர் மாறுவதே கிடையாது, அதனால் வெட்டும் கிடையாது. அவசரமாக அழுத்தினால் மட்டும் சத்தம் முன்னே போகும், வண்டி பின்னே வரும். ஹோண்டா சிட்டியில் 2014 முதல் இதுதான்.

மூன்றாவது இரட்டை கிளட்ச். ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. மணி அடிக்கும் முன்பே அடுத்த பீரியட் ஆசிரியர் வாசலில் வந்து நிற்பது போல, அடுத்த கியர் தயாராக நிற்கும். நெடுஞ்சாலையில் பறக்கும். ஆனால் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் உரசிக்கொண்டே இருக்கும். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் என்றால் சூடு சீக்கிரம் ஏறும்.

ஒரே காரிலும் இவை மாறும். 2022-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் விர்டஸில் 1.0 என்ஜினுக்கு டார்க் கன்வெர்டர், 1.5-க்கு இரட்டை கிளட்ச். 2023-ல் வந்த வெர்னாவில், நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்கிறார்களே அதில்தான், சாதா என்ஜினுக்குச் சிவிடி வகை, டர்போவுக்கு இரட்டை கிளட்ச். எனவே காரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பெட்டி என்று கேளுங்கள்.

நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். 2013-ல் ஃபோக்ஸ்வாகன் உலகமெங்கும் ஏறத்தாழ 16 லட்சம் கார்களை 7 வேக இரட்டை கிளட்ச் பெட்டிக்காகத் திரும்ப அழைத்தது. வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊர்களில், நின்று நின்று ஓடும் நெரிசலில், பெட்டியிலுள்ள செயற்கை எண்ணெயால் மின்கோளாறு வரலாம் என்று சொல்லி, தாது எண்ணெய் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஊர் வர்ணனை நம் ஊருக்கும் பொருந்துகிறது, பாருங்கள். மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டும் 2013-ல் இரட்டை கிளட்சோடு வந்து, 2017-ல் டார்க் கன்வெர்டருக்கு மாறியது. சிவிடியும் விதிவிலக்கு அல்ல. நிசான் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான சிவிடி கார்களுக்கு வாரண்டியை 10 ஆண்டாக நீட்டித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்குப் பட்டது ஒன்று. மென்மை, நம்பிக்கை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். ஷோரூம்காரர் காட்டுவது முதல் நாள் மென்மை. அதே மென்மை ஐந்தாம் ஆண்டிலும் இருந்தால், அதற்குப் பெயர்தான் நம்பிக்கை. பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் முதலாவது தெரியும். இரண்டாவதை நாம்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் செய்தவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் 7.3 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினால் எந்த வண்டியும் வெண்ணெய்தான். அதை இறங்கி, உச்சி வெயிலில், ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றி, தல்லாகுளம் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். பெட்டி சூடான பிறகு மேட்டில் நிறுத்தி எடுங்கள், ரிவர்ஸிலும் எடுங்கள். வெட்டு இருந்தால் அப்போது தெரியும்.

அதே பெட்டியுள்ள காரை 60,000 கிலோமீட்டர் தாண்டி ஓட்டியவரைத் தேடிப் பேசுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும், பெட்டிக்கு வாரண்டி எத்தனை ஆண்டு, பழுதானால் மதுரையிலேயே பார்ப்பார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஒரு இடத்தில் "இது லைஃப்டைம் ஆயில் சார், மாற்றவே வேண்டாம்" என்றார்கள். யாருடைய லைஃப்டைம் தம்பி என்று கேட்டேன், பதில் இல்லை.

மகன் இரட்டை கிளட்ச் எடுக்கச் சொன்னான். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர் டார்க் கன்வெர்டர் என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நாலுவழிச் சாலையில் ஓடுகிற இளைஞருக்கு மகன் சொன்னது சரி. பாரம் ஏற்றிக்கொண்டு சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை வாராவாரம் ஏறுகிறவருக்கு மாணவர் சொன்னது சரி.

எங்களுக்கோ சமதரை, நிதான ஓட்டம், பின் சீட்டில் ஒரு வலிக்கிற முதுகு. மூன்று வகையிலும் மனைவியை உட்காரவைத்தே ஓட்டிப் பார்த்தேன். சிவிடியில்தான் ஒரு தடவைகூட அவர் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லவில்லை. சிட்டி பதிவு செய்தாயிற்று. நீட்டித்த வாரண்டியும் சேர்த்தே எடுத்தேன். எண்ணெய் மாற்ற வேண்டிய கிலோமீட்டரை டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

இதே வண்டியை ஐந்தாறு ஆண்டு ஓட்டியவர்கள் உங்களில் இருந்தால், நல்லதோ கெட்டதோ, கீழே எழுதுங்கள். அடுத்து வாங்குகிற பிள்ளைகளுக்குப் பயன்படும். யாராக இருந்தாலும் சீட் பெல்ட் போட்டு, நிதானமாக ஓட்டுங்கள்.

எல்லோரும் நலமாக இருக்க நத்தம் மாரியம்மன் துணை.