மூட்டைக்கு நடுவே ஒரு ஃபெலோஷிப்

ஒட்டன்சத்திரம் வந்துவிட்டதா என்று பழனி பஸ் கண்டக்டரைக் கேட்கவே வேண்டாம். காய்கறி மூட்டைகள் சொல்லிவிடும்! மார்க்கெட்டைப் போலவே ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது, டாக்டர்கள் ஏ.கே.தரியன், ஜேக்கப் செரியன் ஆகியோர் 1955-ல் தொடங்கிய கிறிஸ்டியன் ஃபெலோஷிப் ஆஸ்பத்திரி.

அதற்கு முன்மாதிரி, 1921-ல் பிறந்த திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம். அங்கே டாக்டர் சவரிராயன் யேசுதாசன் ‘பெரியண்ணன்’. ஸ்காட்லாந்துக்கார டாக்டர் பேட்டன் ‘சின்னண்ணன்’. வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே மூத்தவர் நம்மாளு! ஜெப ஆலயத்துக்குக் கோயில் மாதிரி கோபுரம். உள்ளே எல்லோருக்கும் தரைதான்.

இதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? நெல்லைச் சீமை வடக்கன்குளம் சர்ச்சில் ஜாதியைப் பிரிக்க உள்ளேயே சுவர் இருந்தது சார். 1910-ல்தான் இடித்தார்கள். தரையில் ஏது முன்வரிசை பெஞ்சு? புதுசாக வருகிறவன் கூச்சமில்லாமல் உட்காரலாம்.

ஒட்டன்சத்திரத்து போர்டில் இருக்கும் ‘ஃபெலோஷிப்’ அந்த வம்சம். பஸ்ஸில் மூட்டை ஏற்றும் நேரத்தில் ஒரு நடை எட்டிப் பாருங்களேன்.