ஒரே வட்டில் பதினாறு மாலைகள்

கணினி தெரிந்தவர் என்ற பெயர் ஒருவருக்கு வந்துவிட்டால், அதன்பின் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. அந்தப் பெயர் எமக்கும் உண்டு. உற்றார் வீட்டில் அச்சுப்பொறி முரண்டு பிடித்தாலும் கைத்தொலைபேசி மயங்கி விழுந்தாலும் அழைப்பு எமக்குத்தான் வரும். இவ்வைத்தியங்கள் பெரும்பாலும் ஒரு தேநீரோடு முடிந்துவிடும். ஒன்று மட்டும் ஒரு மாதம் நீடித்தது. அதைப் பற்றியே இன்று சொல்லப் புகுந்தோம்.

எம்முடைய சித்தப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். கடல்கடந்து வாழும் பேரப்பிள்ளைகளுக்காகத் தம் இளமைக் காலத்துக் கதைகளைப் பதினாறு மாலைகளில் சொன்னார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அவர் அமர்ந்திருக்க, எதிரே தாங்கியில் நின்ற கைத்தொலைபேசி அவற்றைப் பதிவு செய்தது. ஒவ்வொரு கதையும் இருபது நிமிடம். அவர் மறைந்து சில மாதங்களின் பின் சின்னம்மா அவற்றைப் பார்க்க விரும்பினார். கைத்தொலைபேசியின் சிறு திரை அவர் கண்ணுக்குப் போதாது. வீட்டில் தொலைக்காட்சியும் அதன்கீழ் ஒரு பழைய டி.வி.டி. பெட்டியும் இருந்தன.

“அதிலை போட்டுத் தா தம்பி” என்றார். இதென்ன பெரிய காரியம் என்று நாமும் ஒப்புக்கொண்டோம்.

முதலில், பதினாறு பதிவுகளையும் எம்பி4 கோப்புகளாகச் சுருக்கி ஒரே இறுவட்டில் எழுதினோம். எமது கணினியில் அழகாக ஓடியது. சின்னம்மாவின் பெட்டியோ வட்டைச் சற்று நேரம் சுழற்றிவிட்டு, இதைப் படிக்க இயலாது என்று கைவிரித்தது. அப்போதுதான் எம் அறியாமை எமக்கு விளங்கியது. பழைய டி.வி.டி. பெட்டி ஒரு பாஷை மாத்திரமே அறிந்தது. படம் எம்பெக் 2 என்னும் முறையில் இருக்க வேண்டும். அதற்குரிய கோப்புறையில், அதற்குரிய ஒழுங்கில் அமைந்திருக்க வேண்டும். இல்லையேல் எத்தனை நல்ல படமும் அதற்கு வெறும் வட்டுத்தான்.

அடுத்து, அம்முறைப்படியே, தெளிவில் குறை வைக்காமல் நொடிக்கு ஏழரை மெகாபிட் வீதம் எழுதினோம். படம் பளிச்சென்று இருந்தது, வட்டுகள் நான்காயின. வெற்றிக் களிப்போடு கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துச் சென்றபோது வட்டுகளில் ஒன்று கீறுண்டு கிடந்தது; இன்னொன்று உறை மாறி இருந்தது. சின்னம்மாவின் விரல்களுக்கு நடுக்கம் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

“எல்லாத்தையும் ஒண்டிலை போட்டுத் தரமாட்டியே? ஒருக்கால் போட்டால் அவர் கதைச்சுக்கொண்டே இருக்கவேணும்” என்றார்.

இனிக் கணக்குப் போடவேண்டியதாயிற்று. கடையில் வாங்கும் ஒற்றைப் படை இறுவட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், அதாவது 470 கோடி பைட். கணினி ஆயிரத்துக்குப் பதிலாக 1024 என்று எண்ணுவதால் அதே வட்டை 4.38 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று எவரும் சண்டைக்குப் போகவேண்டாம். பைட்டுக்கு எட்டுப் பிட்டாக 3760 கோடி பிட். பதினாறு கதைகளுக்கு 320 நிமிடம், அதாவது 19,200 நொடி. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 19 லட்சத்துச் சொச்சம் பிட். இதற்குள்ளேதான் படமும் குரலும் அடங்க வேண்டும்.

குரலில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். அதற்கு 1,92,000 பிட்டை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் படத்துக்குக் கொடுத்தோம். அதற்கு முழு அளவான 720க்கு 576 புள்ளிகள் தாங்கா. டி.வி.டி. முறை 352க்கு 576 என்ற அளவையும் ஏற்கும். ஏறக்குறைய பாதிப் புள்ளிகள். படம் சற்று மென்மையாகும், ஆயினும் உடையாது.

இன்னொரு உதவியைச் சித்தப்பாவே செய்திருந்தார். எம்பெக் முறை ஒவ்வொரு படத்தையும் முழுமையாக எழுதிவைப்பதில்லை. இடையிடையே ஒன்றை முழுமையாக எழுதி, மற்றவற்றில் பெரும்பாலும் மாறியதை மட்டுமே குறித்துக்கொள்ளும். சுவர் மாறவில்லை, கதிரை மாறவில்லை, மாறியவை உதடுகளும் வலக்கையுமே. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய அந்த அமைதி இங்கும் பயன்பட்டது. ஒரு மாலை மட்டும் முற்றத்து மாமரத்தின்கீழ் காற்றில் இருந்து கதை சொன்னார். ஆடும் இலைகளெல்லாம் பிட் கேட்டன. படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. அதற்கு இருமுறை ஓட்டும் வழி உண்டு. மென்பொருள் முதல்முறை முழுவதையும் பார்த்து, எங்கே தேவை அதிகம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் முறை அதற்கேற்பப் பங்கிடும். பானையில் உள்ள சோற்றின் அளவும் பிள்ளைகளின் பசியும் அறிந்த தாய் பரிமாறுவது போலத்தான்.

இவ்வளவுக்கும் இடையில் ஒரு சிக்கனமும் செய்தோம். ஒவ்வொரு பதிவின் இறுதியிலும் அரை நிமிடம் வீணே கிடந்தது. கதை முடிந்ததும் சித்தப்பா உள்வீட்டை நோக்கி, “இஞ்சாரும், இதை வந்து நிப்பாட்டும்” என்பார். செருப்பொலி கேட்கும்; ஒரு கை திரையை மறைக்கும்; படம் அணையும். கதைக்குச் சம்பந்தம் இல்லாதது என்று பதினாறையும் வெட்டி எறிந்தோம். வட்டைக் குறைந்த வேகத்தில் எழுதி, போட்டவுடன் தானாக முதற் கதையிலிருந்து ஓடும்படி அமைத்துக் கொடுத்தோம்.

அடுத்த ஞாயிறு சென்றோம். படத்தின் மென்மையைச் சின்னம்மா கவனித்ததாகவே தெரியவில்லை.

“நல்ல வடிவாய் ஓடுது தம்பி” என்றவர், சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்: “அவர் என்னைக் கூப்பிடுறதை ஏன் வெட்டினனீ?”

நாம் தலை குனிந்தோம். அந்தக் கதைகளில் அவருடைய தாயார் வருவார், தோழர்கள் வருவார்கள், பள்ளிக்கூடம் வரும். சின்னம்மா வருவது அந்த அரை நிமிடத்தில் மாத்திரமே. அந்தக் கை அவருடைய கை.

நல்லவேளை, மூலப் பதிவுகளை நாம் அழிக்கவில்லை. வெட்டிய துண்டுகள் எல்லாம் சேர்ந்தே எட்டு நிமிடம். திரும்பவும் கணக்குப் போட்டதில் நொடிக்கு 50,000 பிட்டுக்கூடக் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். அவ்வளவு சிறு இலாபத்துக்காக அதை எறிந்திருந்தோம்.

இவ்வேலையில் இறங்கும் மாணவர்களுக்கு இரண்டு சொல்வோம். மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். கணக்கை நீங்களே போடுங்கள்; ஆனால் எதை வெட்டலாம் என்பதை, பார்க்கப் போகிறவரிடம் கேட்டபின் வெட்டுங்கள்.

புதிய வட்டைப் போட்டுவிட்டு நாமும் பக்கத்தில் அமர்ந்தோம். முதற் கதை முடிந்தது. “இஞ்சாரும்” என்றது திரை. சின்னம்மா கதிரையில் இருந்து பாதி எழுந்து, எம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மீண்டும் அமர்ந்தார். அடுத்த கதை தானாகத் தொடங்கியது.