முட்டைக்குள் ஓர் அசைவு

அழுகிய பழங்களிலும் மட்கிய இலைகளிலும் வாழும் உருளைப்புழு ஒன்று உண்டு. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். பெயர்தான் நீளம்; புழுவின் நீளமோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. அதன் உடல் கண்ணாடி போன்றது. ஆதலின் முட்டைக்குள் உயிரணுக்கள் பிரிவதையும் நுண்ணோக்கியில் காணலாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஆய்வு நிகழ்த்திய சிட்னி பிரென்னர் இப்புழுவைத் தேர்ந்தெடுத்தார்.

அவருடன் பணியாற்றிய ஜான் சல்ஸ்டன், ஓர் உயிரணு பலவாகிப் புழுவாகும் வரலாற்றை முழுதும் எழுத முனைந்தார். சிறியதோர் அறையில், நாளுக்கு இருமுறை, நந்நான்கு மணி நேரம் நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமல் அமர்ந்திருந்தார். ஒன்றரை ஆண்டு இவ்வாறு கழிந்தது! அந்த வமிசாவளி 1983இல் வெளிவந்தது. பொரிந்து வரும் புழுவின் உடற்சுவரில் தசையணுக்கள் 81. அவற்றுள் 80 மூன்று கிளைகளில் தோன்றியவை. எஞ்சிய ஒன்று மட்டும், பெரும்பாலும் நரம்பும் தோலும் ஆகும் கிளையில் பிறந்து, தசையாகிறது.

எல்லா அணுக்களிலும் மரபணுத் தொகுதி ஒன்றே. அங்ஙனமாயின், ஓர் அணு தசையாகவும் அதன் உடன்பிறப்புத் தோலாகவும் ஆவது எதனால்? மரபணு ஒரு சுவடி. படியெடுப்பார் இன்றேல் அது பேசாது. 'இன்னது படியெடுக்கப்படுக, இன்னது உறங்குக' என ஆணையிடும் புரதங்கள் உள. அவையே படியெடுப்புக் காரணிகள். தாய்ப்புழு முட்டையில் வைத்த செய்தி ஆர்.என்.ஏ.விலிருந்து, பால்-1 என்னும் காரணி கருவின் பின்பக்க அணுக்களில் உண்டாகிறது. அது அங்குள்ள தசைக் கிளைகளில் எச்.எல்.எச்-1 என்னும் மற்றொரு காரணியை எழுப்புகிறது. இளங்கருவின் எல்லா அணுக்களிலும் இதனை வலிந்து உண்டாக்கினால், ஏறக்குறைய எல்லாமே தசையாகிவிடும்.

ஒரே அரசன் ஆளும் நாடு இது என்று எண்ணத் தோன்றும். ஆயினும், எச்.எல்.எச்-1 இல்லாத கருவிலும் தசை தோன்றிற்று. அது செவ்வனே சுருங்கவில்லை, அவ்வளவே. யூ.என்.சி-120, எச்.என்.டி-1 என்னும் துணைவர் இருவர் இருந்தமை பின்னரே விளங்கிற்று. மூன்றையும் ஒருங்கே நீக்கியபோதுதான் உடற்சுவர்த் தசை தோன்றாதொழிந்தது. இது 2006இல் வெளியான செய்தி.

நல்ல கரு, தசை துடிக்கத் தொடங்கியபின் முட்டைக்குள் புரண்டு புரண்டு நான்கு மடங்கு நீளும். தசை சுருங்காத கருவோ இருமடங்கில் நின்றுவிடும்.