விலாவில் பிடிச்சா நடிப்பா?



போன வருஷம் குறுவட்டப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் நான் பாதியில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கா? மொத்தம் மூன்றே முக்கால் சுற்று. இரண்டாவது சுற்றிலேயே வலது விலாவுக்குக் கீழே ஊசியால குத்துற மாதிரி வலி. மூச்சு விடவே முடியல. "தோத்துடுவோம்னு நடிக்கிறா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வலியைவிட அதுதான் என்னை அழ வைத்தது.

மறுநாள் பி.டி. மிஸ் திட்டவில்லை. "ஓடுறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரம் முன்புதான் வயிறு முட்ட சாம்பார் சாதம், அதுக்கு மேல ஒரு கிளாஸ் சர்பத்!

மிஸ் சொன்னது இதுதான்: ஓடுவதற்கு 2 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கணும். சர்பத் வேண்டாம், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும். எடுத்தவுடனே பாயாமல் மெதுவாக வேகம் கூட்டணும். பிடிச்சுக்கிட்டா வேகத்தைக் குறைத்து, வலிக்கிற இடத்தைக் கையால் அழுத்தி, கொஞ்சம் முன்னால் குனிந்து, மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடணும். ஓட்டத்தை நிறுத்திய பிறகும் வலி போகலைன்னா மறைக்காமல் சொல்லணும்.

இந்த வருஷமும் மூன்றாவது சுற்றில் லேசாகப் பிடித்தது. உட்காரவில்லை. நாலு பேர் என்னை முந்திப் போனார்கள். போகட்டும்! ஆறாவதாக வந்தேன். ஆனால் கோட்டைத் தாண்டினேன்.

இனி யாராவது விலாவைப் பிடிச்சுக்கிட்டு நின்றால் "நடிப்பு"ன்னு சொல்லாதீங்க. "குனிஞ்சு மூச்சை மெதுவா விடு"ன்னு சொல்லுங்க. சரிதானே?

– பத்தாம் வகுப்பு மாணவி